புலியா, கரடியா?

இராவணன் மாண்டான். அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு அநுமன் அசோகவனத்துக்கு வந்தான். பிராட்டியைப் படாதபாடு படுத்திய அரக்கியர் அங்கே நின்றுகொண்டிருந்தனர். அவர்களைக் கொன்றுவிட அநுமன் உத்தரவு கேட்டான். சீதை கொடுக்கவில்லை. கரடியொன்று புலியிடம் கூறிய பழமொழியை மட்டும் அவனுக்கு நினைவூட்டினாள். வால்மீகி இதைக் குறிப்பாகவே சொல்லிவிட்டுப் போகிறார். கதையை விரித்துச் சொன்னவர்கள் உரைகாரர்கள்.

புலி துரத்த, வேடன் ஒருவன் ஓடி ஒரு மரத்தில் ஏறினான். ஏறிய பிறகுதான் கிளையில் ஒரு கரடி உட்கார்ந்திருப்பதைக் கண்டான். மேலே கரடி, கீழே புலி! "இவன் நம் இருவருக்கும் பகைவன், தள்ளிவிடு" என்றது புலி. "அடைக்கலம் புகுந்தவனைத் தள்ள மாட்டேன்" என்றது கரடி. பிறகு கரடி கண்ணயர்ந்த சமயத்தில் புலி வேடனிடம் பேச்சுக் கொடுத்தது. அவன் சற்றும் யோசியாமல் கரடியைத் தள்ளினான். கரடி வேறொரு கிளையைப் பற்றித் தப்பியது. அதன் பிறகும் அது அவனைப் புலிக்குக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை.

இக்கதையின் தர்மத்தைப் பெரியோர்கள் எத்தனையோ விதமாக எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வகுப்பில் இதைச் சொல்லி முடித்தவுடன் பிள்ளைகள் தர்மத்தைப் பற்றிக் கேட்பதில்லை. "ஸார், அந்தக் கரடி கீழே இறங்கிப் புலியோடு சண்டை போட்டிருந்தால் எது ஜயித்திருக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். இருபது வருஷங்களாகப் பிள்ளைகள் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள், கேள்வி மாறவில்லை. புலி என்று பாதி வகுப்பு கூச்சலிடும். ஜாம்பவான் சிங்கத்தையே கொன்று சியமந்தக மணியைக் கவரவில்லையா என்று மறுபாதி வாதாடும். இப்படிப்பட்ட கேள்விக்கு மிரட்டி வாயடைப்பது எளிது; பதில் சொல்வது கடினம். பதிலைத் தேடிப் போனதில் நான் கண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அமெரிக்காவில் கரடி உண்டு, புலி இல்லை. ஆகையால் அந்நாட்டுக் கரடியையும் நம் நாட்டுப் புலியையும் காகிதத்தின்மேல் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதில் பயனில்லை. இரண்டும் ஒரே காட்டில், ஒரே நீர்த்துறையில், தலைமுறை தலைமுறையாக முகத்தோடு முகம் பார்த்து வாழும் இடங்களுக்கே போகவேண்டும். அவற்றுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று நம் பாரத நாடு. மற்றொன்று ருஷ்யாவின் கீழ்க்கோடியிலுள்ள பனிக்காடு.

நம் ஊர்க் கரடியைப்போல் அவப்பெயர் சுமந்த பிராணி வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். 1791-ஆம் வருஷத்தில் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விலங்கு நூலார் இதன் நீண்டு வளைந்த நகங்களைப் பார்த்தார். தென் அமெரிக்காவில் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கிக் காலங்கழிக்கும் 'ஸ்லாத்' என்னும் சோம்பேறிப் பிராணிக்கும் அத்தகைய நகங்கள் உண்டு. உடனே இதையும் அந்த இனத்தில் சேர்த்துப் பெயர் சூட்டிவிட்டார். தவறு பின்னால் தெரிந்தது. பெயரைத் தலைகீழாகத் திருப்பி 'ஸ்லாத் பேர்' என்று வைத்துக்கொண்டார்கள். கரடி என்று ஒப்புக்கொண்டார்களே தவிர, சோம்பேறிப் பட்டத்தை எடுக்கவில்லை! உண்மையில் இது மனிதனை ஓடிப் பிடிக்கக் கூடியது.

இதன் முக்கிய ஆகாரம் கறையான். புற்றை நகத்தால் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளிவிட்டு, உள்ளிருப்பதை உறிஞ்சி எடுக்கும். இந்த வேலைக்காகவே மேல்தாடையின் நடுவே இரண்டு முன்பற்கள் இல்லாமல் இடைவெளி அமைந்திருக்கிறது. புழுதி ஏறாமல் மூக்குத் துவாரங்களை மூடிக்கொள்ளவும் இதற்குத் தெரியும். உறிஞ்சும் ஓசை நூறு கஜத்துக்கு அப்பாலும் கேட்கும் என்கிறார்கள். தேனும், இலந்தை, நாவல், கொன்றை ஆகியவற்றின் பழங்களும், இலுப்பைப் பூவும் மற்ற உணவுகள். ஆண் கரடியின் எடை 80 முதல் 145 கிலோ வரை. பெண் இன்னும் சிறியது. கொலைத்தொழிலுக்காகப் படைக்கப்பட்ட பிராணி அன்று என்பது இவ்வளவிலேயே விளங்கும்.

புலியோ அந்தத் தொழிலுக்காகவே படைக்கப்பட்டது. நம் நாட்டு ஆண் புலி பெரும்பாலும் 180 கிலோவுக்குக் குறைவதில்லை. 250 கிலோவை எட்டுவதும் உண்டு. கோரைப் பற்கள் 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ளவை. கரடியின் நகங்கள் எப்போதும் வெளியே நீட்டியபடி மண்ணைத் தோண்டித் தோண்டி மழுங்கியிருக்கும். புலியின் நகங்கள் உறைக்குள் வாள்போல் மறைந்திருந்து, வேண்டும்போது மட்டும் வெளிப்படும். பதுங்கி வந்து, பாய்ந்து, கழுத்தையோ குரல்வளையையோ ஒரே கடியில் பற்றுவது அதன் முறை. தன்னைவிடப் பன்மடங்கு கனமான காட்டெருமையையும் அப்படி வீழ்த்தி விடுகிறது.

ஆக, தராசில் நிறுத்தால் வழக்கு முடிந்தது, புலிக்கே ஜயம். பழைய வேட்டை நூல்களும் அப்படித்தான் முடிவு கட்டின. அந்நூல்களை எழுதிய துரைமார்களும், அவர்களுக்கு விருந்து வைத்த சிற்றரசர்களும் காட்டைப் பார்த்ததெல்லாம் துப்பாக்கிக் குழலின் வழியாகத்தான். 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது வருஷங்களில் 80,000-க்கு மேற்பட்ட புலிகள் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். கொல்லப்பட்ட மிருகம் எவ்வளவு பயங்கரமானதோ, அவ்வளவுக்குக் கொன்றவனின் புகழும் உயரும் அல்லவா? அவர்களுடைய சாட்சியத்தைச் சற்று ஒதுக்கி வைத்தே கேட்க வேண்டியிருக்கிறது.

துப்பாக்கிக்குப் பதிலாகப் படக் கருவியைக் கொண்டு போகும் காலம் வந்த பிறகு வேறு சாட்சியம் கிடைத்தது. 2018 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்திலுள்ள தடோபா காட்டில் நடந்தது இது. கோடை நெருங்கும் சமயம். நீர் நிற்கும் குட்டைகள் சில. தாகத்தோடு வருபவை பல. அப்படி ஒரு குட்டைக்குத் தாய்க் கரடி ஒன்று தன் குட்டியுடன் வந்தது. அந்தப் பகுதியைத் தன் ஆட்சியில் வைத்திருந்த ஆண் புலி அங்கே இருந்தது. 'மட்காசுரன்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். முழு வளர்ச்சியடைந்த பெரிய புலி. அது கரடியை நோக்கி வந்தது.

கரடி ஓடவில்லை. பெருங்குரலெடுத்துக்கொண்டு நேரே புலியின்மேல் பாய்ந்தது. புலி பின்வாங்கிப் பிறகு பிடித்துக்கொண்டது. கரடியைக் கீழே தள்ளி அழுத்திக் கடித்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முடிந்தது என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் பற்கள் முதலில் அகப்பட்டது கத்தையான ரோமத்திலும் தளர்ந்த தோலிலும்; கழுத்தெலும்பில் அன்று. கரடி எப்படியோ உதறிக்கொண்டு எழுந்தது. எழுந்தவுடன் ஓடிற்றா? இல்லை, இரத்தம் வழிய மறுபடியும் புலியின்மேல் விழுந்தது. சுமார் கால் மணி நேரம் இந்தப் போர் நடந்தது. கடைசியில் இரண்டும் உயிரோடு பிரிந்தன. குட்டியும் பிழைத்தது. அந்தச் சலனப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் புலியின் பலமும், போகப் போகக் கரடியின் பிடிவாதமும் கண்ணில் நிற்கும்.

இது ஏதோ ஒரு தாயின் அபூர்வ வீரம் என்று எண்ணிவிடக் கூடாது. நம் காடுகளில் பிரயாணிகள் எடுத்த இத்தகைய சலனப் படங்கள் 43-ஐத் திரட்டிக் கரடி ஆராய்ச்சியாளர் சிலர் பரிசோதித்து, 2023-ல் முடிவை வெளியிட்டனர். பெரும்பாலான சந்திப்புகளில் புலிதான் முதலில் நெருங்கியிருக்கிறது. ஆயினும் அவற்றுள் மிகப் பலவற்றில் ஓர் உடல் மற்றோர் உடலின்மேல் படவே இல்லை. கரடி பின்னங்கால்களில் எழுந்து நின்று கர்ஜிக்கிறது. அல்லது சீறிக்கொண்டு ஓடி வருகிறது. புலி ஒதுங்குகிறது, சில சமயம் திரும்பி நடையைக் கட்டுகிறது. இருமடங்கு எடையுள்ள புலி!

ஏன் ஒதுங்க வேண்டும்? பயமா? இங்கேதான் விஷயம் இருக்கிறதென்று எனக்குத் தோன்றுகிறது.

புலி தனியாக வேட்டையாடிப் பிழைக்கும் பிராணி. அதன் பாய்ச்சல்களில் பெரும்பாலானவை வீணாகின்றன. வயிற்றை நிரப்புவது அதன் கால்களும் பற்களுமே. ஒரு கோரைப்பல் முறிந்தால், முன்னங்கால் ஒன்று ஊனமானால், மானைப் பிடிக்க முடியாது. சிங்கத்தைப்போல் அதற்கு வேட்டையாடிக் கொடுக்கக் கூட்டமும் இல்லை. கரடியை ஜயித்து ஒரு கண்ணை இழந்த புலி உண்மையில் தோற்ற புலியே. ஆகையால் அது ஒவ்வொரு சண்டையையும் வியாபாரியைப்போல் லாப நஷ்டம் பார்த்துத்தான் தொடங்குகிறது. கரடியின் நிலை வேறு. நொண்டிக்கொண்டு போனாலும் கறையான் புற்று அதைவிட்டு ஓடிவிடப் போவதில்லை. நாவல் பழம் மரத்தடியில்தான் விழுந்து கிடக்கும். காயம்பட்டால் கரடி பட்டினி கிடக்கவேண்டும் என்பதில்லை.

மற்றொன்று, கரடிக்கு வேறு வழியும் இல்லை. அநுமனுக்குச் சொன்ன கதையில் கரடி மரத்தின்மேல் இருக்கிறது. நம் கரடிக்கு மரமேறத் தெரியாமல் இல்லை. தேனுக்காகவும் பழத்துக்காகவும் ஏறும். ஆனால் உயிருக்கு ஆபத்து வரும்போது மரத்தைத் தேடி ஓடுவது அதன் வழக்கமன்று. இமாலயத்துக் கருங்கரடி ஏறித் தப்பும்; இது ஏறுவதில்லை. புற்றுகள் நிறைந்த வெட்டவெளிகளில் மேய்வது இதன் வாழ்க்கை. அங்கே ஏறத்தக்க மரம் எப்போதும் அருகில் இருப்பதில்லை. இருந்தாலும் சிறுத்தை பின்னாலேயே ஏறி வரும். ஓடினால் புலி பிடித்துவிடும். நின்று எதிர்ப்பது ஒன்றுதான் மிச்சம். குட்டிகளையும் அது மாதக்கணக்கில் முதுகின்மேல் சுமந்து திரிகிறது. உலகிலுள்ள கரடியினங்களில் இவ்விதம் குட்டியைச் சுமப்பதை வழக்கமாக உடையது இது ஒன்றே. புலியோடு கூடவே வாழ்ந்து வந்ததால்தான் இதற்கு இந்த மூர்க்கம் ஏற்பட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நாம் கோபம் என்று நினைப்பது பெரும்பாலும் அச்சமே.

இதற்கு நேர்மாறான காட்சியைக் காண ருஷ்யாவுக்குப் போக வேண்டும். பசிபிக் கடற்கரையை ஒட்டிய சிகோட்டே அலின் மலைத்தொடரில் 1935-ல் ஒரு காப்புக்காடு ஏற்பட்டது. லெவ் காப்ளானோவ் என்ற இளைஞர் அங்கே பனியில் பதிந்த புலியின் அடிச்சுவடுகளைக் குளிர்காலம் முழுவதும் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அப்பகுதியில் புலிகள் 20 அல்லது 30-க்கு மேல் எஞ்சவில்லை என்று உலகுக்கு எச்சரித்தவர் அவர்தாம். 1943-ல் திருட்டு வேட்டைக்காரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் எழுதிய நூல் 1948-ல் வெளிவந்தது. புலி வேட்டைக்கு 1947-லேயே அங்கே தடை வந்துவிட்டது.

அக்காட்டில் உள்ளது பழுப்புக் கரடி. வளர்ந்த ஆண் 300 கிலோவையும் தாண்டும். ஆண் புலியோ 200 கிலோ அளவுதான். தராசு இங்கே கரடிப் பக்கம் சாய்கிறது. அப்படியிருந்தும் புலிதான் கரடியைத் தின்கிறது! மானும் காட்டுப்பன்றியும் குறைந்துபோன 1944 முதல் 1959 வரையிலான காலத்தில், புலி கரடிகளைத் தாக்கிய நிகழ்ச்சிகள் 32 பதிவாயின. கரடி புலியைக் கொன்றவை நான்கு. மாண்டவை பெண் புலிகளும் குட்டிகளும்.

இதைப் படித்தவுடன் புலியின் கட்சிக்காரர்கள் கைதட்டக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டும். புலி பிடித்த கரடிகள் எவை? பெரும்பாலும் இளங்கரடிகள், சிறிய பெண் கரடிகள், குளிர்கால உறக்கத்தில் குகையில் கிடந்தவை. பாறை மறைவிலிருந்து பாய்ந்து, ஒரு கையால் மோவாயையும் மற்றொரு கையால் கழுத்தையும் பற்றி, முதுகெலும்பைக் கடித்து முறிப்பது அதன் தந்திரம். 300 கிலோ ஆண் கரடியின் வழிக்குப் புலி போவதில்லை. அந்தப் பெரிய கரடிகளோ பனியில் புலியின் சுவட்டைப் பிடித்துக்கொண்டே போய், அது அடித்துப் போட்ட மானைத் தட்டிப் பறித்துக்கொள்கின்றன. உழைப்பவன் ஒருவன், உண்பவன் ஒருவன் என்பது நமக்கும் பழக்கமான ஏற்பாடுதானே! மொத்தத்தில் அப்புலிகளின் ஆண்டு உணவில் கரடி மாமிசம் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே.

பலம் எவ்வளவு என்பதைவிட, மறைவு யாருக்கு, காயத்தின் விலை யாருக்கு அதிகம், போக வேறு வழி இருக்கிறதா என்பவையே சண்டையைத் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றையும் எடுத்துவிட்டு மிருகங்களை மோதவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் தேசத்தில் உதாரணம் உண்டு. அயோத்தி நவாபாக 1827 முதல் 1837 வரை ஆண்ட நஸீருத்தீன் ஹைதரின் லக்னோ அரண்மனையில் மிருகச் சண்டைகள் பெரிய கேளிக்கை. அவருடைய அரண்மனையில் இருந்த ஓர் ஆங்கிலேயரின் நினைவுகளாக 1855-ல் வெளிவந்த நூல் ஒன்று, ஆட்களைக் கடித்துக் கொன்ற முரட்டுக் குதிரை ஒன்றைப் புலியோடு அடைத்த கதையைச் சொல்கிறது. குதிரை பின்னங்காலால் உதைத்ததில் புலியின் தாடை முறிந்ததாம். புலி வெளியேற வழி தேடிச் சுற்றிச் சுற்றி ஓடிற்றாம். இதைக் கொண்டு குதிரை புலியைவிடப் பலசாலி என்று யாரேனும் சொல்வார்களா? காட்டில் அந்தக் குதிரை புலியைக் கண்டிருக்கவே மாட்டாது. பின்னாலிருந்து வந்த பாய்ச்சலோடு எல்லாம் தீர்ந்திருக்கும். கூண்டுக்குள் காண்பது மனிதர்களின் குரூரமே, மிருகத்தின் குணமன்று.

குரூரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. புலியை எதிர்த்து நிற்கும் இதே பிராணியைத்தான் மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்து, பல்லைத் தட்டி, வீதி வீதியாக ஆட்டம் ஆட வைத்தார்கள். குழந்தைகள் பயந்த சுபாவமாக இருந்தால் கரடி மயிரைத் தாயத்தில் வைத்துக் கட்டுவது நம் வீடுகளில் வழக்கமாக இருந்தது. பயமில்லாத பிராணியின் ரோமம் பயத்தைப் போக்கும் என்று நினைத்தார்கள் போலும்! அந்த ரோமம் பெரும்பாலும் கயிற்றில் கட்டுண்ட கரடியினுடையது. கரடி ஆட்டும் தொழிலிலிருந்து கடைசிக் கரடி மீட்கப்பட்டது 2009-ல்.

இந்த விஷயத்தில் வேடிக்கையல்லாத பகுதி ஒன்றுண்டு. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிஸா ஆகிய மாநிலங்களின் காட்டோரக் கிராமங்களில் ஏழை ஜனங்கள் கோடைத் தொடக்கத்தில் இலுப்பைப் பூப் பொறுக்கப் போகிறார்கள். ஆலையில்லா ஊருக்கு மட்டுமல்ல, காசில்லா வீட்டுக்கும் இலுப்பைப் பூவே சர்க்கரை. பூ இரவில் உதிரும். விடியுமுன் போனால்தான் கிடைக்கும். கரடியும் அதே பூவுக்கு அதே நேரத்தில் அதே மரத்தடிக்கு வருகிறது. அதற்குக் கண்பார்வையும் செவியும் மட்டம். தின்னும் மும்முரத்தில் ஆள் வருவது தெரியாது. பத்தடியில் திடீரென்று மனிதனைக் கண்டதும், புலியைக் கண்டால் என்ன செய்யுமோ அதையே செய்கிறது. எழுந்து நின்று தாக்குவதால் காயம் பெரும்பாலும் தலையிலும் முகத்திலும் விழுகிறது. புலி, காட்டில் மனிதனைக் கண்டால் பெரும்பாலும் விலகிப் போகும்; கரடி விலகாது. காட்டுவாசிகளில் பலர் புலியைவிடக் கரடிக்கே அதிகம் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு அவர்கள் தங்கள் முகத்தின்மேல் விடை எழுதப்பட்டவர்கள்.

1973-ல் புலி நம் தேசிய விலங்காயிற்று. அவ்வருஷமே புலிப் பாதுகாப்புத் திட்டமும் பிறந்தது. நாடு முழுவதும் அதற்குத் தனிக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2006-ல் 1,411 என்று மதிப்பிடப்பட்ட தொகை 2022-ல் 3,682 ஆயிற்று. மெச்சத்தக்க காரியம். கரடிக்குச் சட்டத்தில் புலிக்கு நிகரான பாதுகாப்பு உண்டு. அதே அளவில் எண்ணிப் பார்க்கும் ஏற்பாடுதான் இல்லை. கரடிகளில் பெரும் பகுதி புலிக் காப்பகங்களுக்கு வெளியே, புதரும் பாறையுமான சிறு காடுகளில், ஊருக்கு அருகிலேயே வசிக்கின்றன. நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதைப் பிரத்தியட்சமாகப் பார்க்கலாம். அங்கே கரடி இரவில் கோயிலுக்குள் புகுந்து விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது. கடைக் கதவையும் பெயர்க்கிறது.

அப்படிப்பட்ட இடங்களில் வசிப்பவர்களும், கோடை விடுமுறைக்கு மலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களும் சிலவற்றை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விடியுமுன்னும் அந்தி மயங்கிய பின்னும் புதரோரப் பாதையில் தனியே நடக்கலாகாது. நடக்க நேர்ந்தால் இரண்டு மூன்று பேராக, உரக்கப் பேசிக்கொண்டு நடக்க வேண்டும். பாதை வளையும் இடத்தில் தடியால் கல்லைத் தட்டினாலும் போதும். சந்தடி கேட்டால் கரடி முன்கூட்டியே ஒதுங்கிவிடும். தொலைவில் கண்டால் ஓடாமல், அதன்மேல் கண்ணை வைத்தபடி மெல்லப் பின்வாங்க வேண்டும். குட்டி தென்பட்டால் தாய் அருகில் இருக்கிறதென்று கொள்க. மேலே வந்து விழுந்தே விட்டதானால், குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொண்டு, அது போகும்வரை அசையாமல் கிடப்பதே முகத்தையும் உயிரையும் காக்கும் வழி.